நிறுவனம் போனாலும் கோப்பு நிற்க வேண்டும்

ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகம் எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், கணினி மையத்தில் வேலை செய்யும் சிலரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. முனைவர் பட்ட ஆய்வேடுகள், பல வருடமாகச் சேர்த்த அளவீடுகள், பாடக் குறிப்புகள், துறைகளின் இணையப் பக்கங்கள் எல்லாம் ஏதோ சில சர்வர்களின் வட்டுகளில் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக வைத்து, கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். பல இடங்களில் அந்த மென்பொருள் ஒரு நிறுவனத்திடம் வாங்கியதாக இருக்கும். ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்டினால், பழுது வரும்போது நிறுவனத்தின் ஆட்கள் திருத்தித் தருவார்கள்.

அந்த நிறுவனம் தன் கவனத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பல பெரிய பல்கலைக்கழகங்கள் இந்தக் கேள்வியைச் சந்தித்தன. அவை நம்பியிருந்த ஃபைல் சிஸ்டத்தின் பெயர் ஏஎஃப்எஸ். நிறுவனத்தின் ஆதரவோடு ஓடிய ஒன்றிலிருந்து மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓப்பன் சோர்ஸுக்கு ஒரு பல்கலைக்கழகம் எப்படி மாறலாம், அந்த மாற்றத்தை எப்படித் திட்டமிடுவது என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வளாகத்தில் பிறந்த மென்பொருள்

1982-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளாகத்தில் மாணவர், ஆசிரியர் அனைவருக்கும் தனித்தனிக் கணினி இருக்க வேண்டும். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் தன் முன்னால் இருக்க வேண்டும் என்பது திட்டம். பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் இருவரின் முதற்பெயரையே திட்டத்துக்கு வைத்தார்கள். ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக ஏஎஃப்எஸ், அங்கே பிறந்தது. 5,000-க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. தனிக் கணினி என்பதே அரிதாக இருந்த காலத்தில் அது மிகத் துணிச்சலான எண்.

அதை உருவாக்கிய குழுவின் முக்கியமானவர்களில் ஒருவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் 1975-இல் இளநிலைப் பட்டமும் 1977-இல் முதுநிலைப் பட்டமும் பெற்று, கார்னகி மெலனுக்கு ஆய்வு செய்யப் போனவர். ஏஎஃப்எஸ்ஸுக்காக அவருக்கும் ஜான் ஹோவர்ட், மைக்கேல் கசார், ஆல்ஃபிரட் ஸ்பெக்டர் உள்ளிட்ட மற்ற ஏழு பேருக்கும் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுக்கான மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

முதல் வடிவம் திணறியது. ஒரு சர்வருக்கு ஏறக்குறைய 20 பேர் என்ற அளவிலேயே மூச்சு முட்டியது. காரணம் தேடி, சர்வருக்கு வரும் அழைப்புகளை வகை பிரித்து எண்ணினார்கள். 1988-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. நூறு அழைப்புகளில் ஏறக்குறைய 62, "என்னிடம் இருக்கும் பிரதி இன்னும் சரிதானா?" என்று கேட்பவை. இன்னும் 27, கோப்பின் அளவு, தேதி போன்ற விவரங்களைக் கேட்பவை. உண்மையில் கோப்பை எடுத்துப்போக வந்தவை வெறும் 4. திருத்திய கோப்பைத் திருப்பி வைக்க வந்தவை 2.

ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று தெருவே தினமும் நடந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தால், கடைக்காரருக்குப் பருப்பு போட நேரம் இருக்காது. வந்ததும் கடையிலிருந்து எல்லோர் கைபேசிக்கும் தகவல் போனால் அந்த நடை மிச்சம். ஏஎஃப்எஸ்ஸின் இரண்டாம் வடிவம் செய்தது இதைத்தான். கோப்பைக் கொடுக்கும்போதே சர்வர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கும்: "இது மாறினால் நானே உனக்குச் சொல்கிறேன்." கால்பேக் என்று அதற்குப் பெயர். சர்வர் சொல்லாதவரை கணினி தன் வட்டில் உள்ள பிரதியை நம்பி வேலை செய்யலாம். தாங்கும் திறன் கணிசமாக உயர்ந்தது. எம்ஐடி, மிச்சிகன், ஸ்டான்ஃபர்டு என்று பெரிய வளாகங்கள் இதை ஏற்றுக்கொண்டன.

விட மனம் வராத இரண்டு வசதிகள்

நிறுவனம் கைவிட்டால் வேறு ஃபைல் சிஸ்டத்துக்குப் போய்விடலாமே என்று தோன்றும். ஏஎஃப்எஸ் பழகிய பல்கலைக்கழகங்கள் அதற்குத் தயங்கியதற்கு வலுவான காரணங்கள் இருந்தன.

முதலாவது, வால்யூம். ஏஎஃப்எஸ்ஸில் ஒரு மாணவரின் வீட்டு அடைவு, அதாவது அவருடைய கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம், ஒரு தனி வால்யூமாக இருக்கும். பயனருக்குத் தெரியும் பாதை '/ஏஎஃப்எஸ்/' என்று தொடங்கி, பல்கலைக்கழகத்தின் பெயரையும் அவர் பெயரையும் தாங்கி நிற்கும். அதில் எந்த சர்வரின் பெயரும் இருக்காது. எந்த வால்யூம் எந்த சர்வரில் இருக்கிறது என்ற தகவல் தனியே ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். நிர்வாகி வால்யூமை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டுத் தரவுத்தளத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். பயனர் கோப்பைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு வசதி இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் நமக்கு மிகவும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, அனுமதி முறை. ஒவ்வொரு அடைவுக்கும் ஏழு வகை உரிமைகளைத் தனித்தனியாகக் கொடுக்கலாம்: படிக்க, பட்டியலைப் பார்க்க, புதிதாகச் சேர்க்க, நீக்க, திருத்தி எழுத, பூட்ட, உரிமைகளையே நிர்வகிக்க. வீட்டுப்பாடம் வாங்கும் ஆசிரியர் ஓர் அடைவை உண்டாக்கி, மாணவர்களுக்குப் பட்டியலைப் பார்க்கும் உரிமையையும் சேர்க்கும் உரிமையையும் மட்டும் தரலாம். அவர்கள் விடைத்தாளைப் போடலாம்; அடுத்தவர் தாளைப் படிக்க முடியாது. ஆசிரியரே தன் ஆய்வுக் குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, ஆட்களைச் சேர்த்து, உரிமை கொடுக்கலாம். கணினி மையத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். பல வருடங்களில் இப்படி ஆயிரக்கணக்கான குழுக்களும் அனுமதிகளும் வளாகம் முழுவதும் வேர்விட்டிருக்கும். வேறு ஃபைல் சிஸ்டத்துக்குப் போனால் கோப்புகளைக் கொண்டுபோகலாம்; யாருக்கு எதில் என்ன உரிமை என்ற அந்த அமைப்பைச் சிதையாமல் கொண்டுபோவது மிகக் கடினம்.

கைமாறிய கதை

1989-இல் ஸ்பெக்டரும் சிலரும் டிரான்சார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏஎஃப்எஸ்ஸை வணிகப் பொருளாக விற்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் பிறந்த மென்பொருளைப் பல்கலைக்கழகங்களே விலை கொடுத்து வாங்கின. அதில் தவறில்லை. கட்டணத்துக்கு ஈடாக நல்ல சேவை கிடைத்தது. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் வரை இறங்கிப் பழுது பார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தார்கள். 1994-இல் ஐபிஎம் டிரான்சார்க்கை வாங்கியது.

இதற்கிடையே, ஏஎஃப்எஸ்ஸை வேறு கைகளும் எழுத முடியும் என்பதை ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிலர் காட்டினார்கள். வணிக மூலநிரலைத் தொடாமல், சர்வரும், பயனரின் கணினியில் ஓடும் கிளையன்ட் மென்பொருளும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை மட்டும் பின்பற்றி, ஆர்லா என்ற இலவசக் கிளையன்டை எழுதினார்கள். நெறிமுறை தெரிந்தால் நிறுவனம் இல்லாமலும் ஏஎஃப்எஸ் வாழும் என்பதற்கு அது சான்று.

2000 ஆகஸ்ட் மாதம் ஐபிஎம் ஒரு முக்கியமான முடிவை அறிவித்தது. ஏஎஃப்எஸ்ஸின் மூலநிரலின் ஒரு கிளையை ஐபிஎம் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஓப்பன்ஏஎஃப்எஸ் என்ற பெயரில் அது கிடைக்கத் தொடங்கியது. ஐபிஎம்மின் சொந்த வணிகப் பதிப்பு இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. ஆனால் புதிய வளர்ச்சியெல்லாம் ஓப்பன்ஏஎஃப்எஸ் பக்கம் நகர்ந்துவிட்டது. புதிய லினக்ஸ், புதிய விண்டோஸ், புதிய மேக் வந்தபோது அவற்றுக்கான கிளையன்டுகள் அங்கேதான் முதலில் வந்தன. ஏஎஃப்எஸ் ஓடும் ஒவ்வொரு வளாகத்திலும் கணினி மையத்தின் மேசைமீது ஒரே கேள்வி வந்து நின்றது: எப்போது மாறுவது, எந்த வரிசையில் மாறுவது?

எதை முதலில் எண்ண வேண்டும்

மாற்றத் திட்டத்தின் முதல் மாதம் மென்பொருளை நிறுவும் மாதமாக இருக்கக்கூடாது. எண்ணும் மாதமாக இருக்க வேண்டும். எத்தனை சர்வர்கள், எந்த இயங்குதளத்தில் ஓடுகின்றன, எத்தனை வால்யூம்கள், மிகப் பெரிய வால்யூம் எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் எந்த நிர்வாகியும் ஒரு மாலையில் எடுத்துவிடுவார். கடினமான பட்டியல் வேறு. ஏஎஃப்எஸ்ஸை நம்பியிருப்பது எவையெவை? வளாகத்தின் இணைய சர்வர் பக்கங்களை அங்கிருந்துதான் எடுக்கிறதா? நள்ளிரவில் தானாக ஓடும் காப்புப் பிரதி ஸ்கிரிப்டுகள், பழைய கட்டளைகளின் வெளியீட்டை எழுத்தெழுத்தாகப் படித்து முடிவெடுக்கின்றனவா? புதிய பதிப்பில் ஒரு சொல் இடம் மாறினாலும் அந்த ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் நின்றுபோகும். கவனிக்காவிட்டால், காப்பு இல்லை என்பது காப்பு தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

அடுத்து நேரக் கணக்கு. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 100 மெகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் போகும். 1 டெராபைட்டை நகர்த்த 80,000 நொடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல். இது ஏட்டுக் கணக்கு. பகலில் பயனர்களும் அதே கம்பியைப் பயன்படுத்துகிறார்கள். வட்டும் இருபக்கமும் வேலை செய்ய வேண்டும். ஆகவே வார இறுதியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்ற எண்ணம் முதல் கூட்டத்திலேயே கைவிடப்பட வேண்டியது. பழையதும் புதியதும் பல வாரங்கள் ஒன்றாக ஓடியாக வேண்டும்.

ஒன்றாக ஓட முடியுமா? முடியும். இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து வந்தவை; ஒரே நெறிமுறையைப் பேசுபவை. ஓப்பன்ஏஎஃப்எஸ் சர்வர் ஒன்றை ஐபிஎம் சர்வர்களுக்கு நடுவே வைத்தால், கிளையன்டுக்கு வித்தியாசம் தெரியாது. முழுத் திட்டமும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

வரிசை

மாற்றத்தின் வரிசையை ஆபத்தின் அளவே முடிவு செய்ய வேண்டும். கிளையன்டுகளை முதலில் மாற்றலாம். ஒரு மாணவர் ஆய்வகத்தில் உள்ள கணினிகளுக்குப் புதிய கிளையன்டைப் போட்டுச் சில வாரங்கள் பார்க்கலாம். கோளாறு வந்தால் அந்த அறைக்கு மட்டும்தான் பாதிப்பு. கோப்புகள் சர்வரில் பத்திரமாக இருக்கும்.

அடுத்து தரவுத்தள சர்வர்கள். வால்யூம் எங்கே, யார் எந்தக் குழுவில் என்பதைச் சொல்லும் இவை பெரும்பாலும் மூன்றாக இருக்கும். மூன்றும் ஒரே தகவலை வைத்திருக்கும். எழுதும் அதிகாரம் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும். அந்த ஒன்று எது என்பதை அவை தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு உயிரோடு இருக்கும்வரை தேர்தல் நடக்கும், வேலையும் நடக்கும். ஆகவே ஒன்றை நிறுத்தி, புதியதை நிறுவி, அது மற்ற இரண்டோடு தகவலைச் சமன்செய்துகொண்டதை உறுதிசெய்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அவசரத்தில் இரண்டை ஒரே நேரத்தில் நிறுத்தினால் வளாகம் முழுவதும் எந்த மாற்றத்தையும் பதிவு செய்ய முடியாமல் நின்றுவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வேலையை மிச்சப்படுத்தும். தரவுத்தள சர்வர்களின் ஐபி முகவரிகள் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். புதிய இயந்திரத்துக்குப் புதிய முகவரி கொடுத்தால் அத்தனை கணினிகளையும் திருத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பழைய இயந்திரங்கள் எந்த மூலையில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. பழைய முகவரியையே புதிய இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்தத் தேடலே வேண்டாம்.

கடைசியாகக் கோப்பு சர்வர்கள். இவற்றிலும் ஒரு வரிசை உண்டு. மென்பொருள் தொகுப்புகள் போன்றவை படிக்க மட்டுமேயான பிரதிகளாகப் பல சர்வர்களில் வைக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஒரு பிரதியைப் புதிய சர்வரில் முதலில் வைக்கலாம். புதியது விழுந்தாலும் கிளையன்ட் தானாக வேறு பிரதியைத் தேடிப் போகும். அது நம்பகமாக ஓடியபின் கணினி மைய ஊழியர்களின் சொந்த வீட்டு அடைவுகள். தங்கள் கோப்பையே முதலில் நம்பி வைக்காதவர்கள் மற்றவர் கோப்பை வைக்கச் சொல்லக்கூடாது. அதற்குப் பின் விருப்பப்பட்டு முன்வரும் துறைகள். கடைசியில், தேர்வுக் காலம் முடிந்தபின், மாணவர்கள்.

வட்டைக் கழற்றி மாட்டாதே

கோப்பு சர்வர் மாற்றத்தில் ஒரு பள்ளம் ஒளிந்திருக்கிறது. சோலாரிஸ், ஏஐஎக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைகளில் ஓடிய பழைய ஏஎஃப்எஸ் சர்வர்கள், வட்டில் கோப்புகளை வைத்த விதம் விசித்திரமானது. வழக்கமான யூனிக்ஸ் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற ஒரு பதிவு உண்டு. ஏதாவது ஓர் அடைவில் உள்ள பெயர் அந்தப் பதிவைச் சுட்டும். பழைய ஏஎஃப்எஸ் சர்வர் வேகத்துக்காகப் பெயர்களையே விட்டுவிட்டு ஐநோட்களை நேரடியாகக் கையாண்டது. வட்டில் கோப்பின் உள்ளடக்கம் இருக்கும். அதைச் சுட்டும் பெயர் எந்த அடைவிலும் இருக்காது.

யூனிக்ஸில் வட்டைச் சரிபார்க்கும் கருவி ஒன்று உண்டு. பெயரில்லாத ஐநோட்டைக் கண்டால், விபத்தில் அனாதையான குப்பை என்று முடிவு செய்து அது துப்புரவு செய்துவிடும். ஏஎஃப்எஸ் வட்டில் அதை ஓட்டினால் பேராசிரியர்களின் கோப்புகள் அனைத்தும் அதன் கண்ணுக்குக் குப்பை. அதனால்தான் நிறுவனம் தனக்கென்று மாற்றி எழுதிய சரிபார்ப்புக் கருவியைக் கூடவே கொடுத்தது. அந்தப் பழைய வட்டைக் கழற்றி, சாதாரணச் சரிபார்ப்புக் கருவி உள்ள புதிய இயந்திரத்தில் மாட்டி, அது எழும்போது தானாகச் சோதனையும் ஓடிவிட்டால், பராமரிப்புக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வளாகத்தின் நினைவையே இழக்க நேரிடும்.

லினக்ஸில் ஓடும் ஓப்பன்ஏஎஃப்எஸ் சர்வர் ஒவ்வொன்றையும் சாதாரணப் பெயருள்ள கோப்பாகவே வட்டில் வைக்கிறது. எந்தச் சரிபார்ப்புக் கருவிக்கும் அது புரியும். ஆனால் பழைய அமைப்பு புதிய சர்வருக்குப் புரியாது. ஆகவே வட்டை நகர்த்தக்கூடாது, வால்யூமை நகர்த்த வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். நிர்வாகி 'வோஸ் மூவ்' என்ற கட்டளையைக் கொடுக்கிறார். பழைய சர்வர் அந்த வால்யூமின் அந்த நேரத்து நிலையை ஒரு நகலாக உறையவைக்கிறது. உறைந்த நகல் நெட்வொர்க் வழியே புதிய சர்வருக்குப் போகிறது. அதற்குள் மாணவர் தன் ஆய்வேட்டில் இரண்டு பத்தி எழுதிச் சேமித்துவிடுகிறார். அது அசல் வால்யூமில் பதிவாகிறது. நகல் போய்ச் சேர்ந்ததும் அசல் சிறிது நேரம் பூட்டப்படுகிறது. நகல் எடுத்தபின் மாறியவை மட்டும், அந்த இரண்டு பத்தியும் சேர்த்து, அனுப்பப்படுகின்றன. தரவுத்தளத்தில் முகவரி திருத்தப்படுகிறது. பழைய சர்வரில் உள்ள பிரதி நீக்கப்படுகிறது. மாணவர் அடுத்த முறை சேமிக்கும்போது பழைய சர்வர், "அது இங்கே இல்லை" என்கிறது. கிளையன்ட் தரவுத்தளத்தைக் கேட்டுப் புதிய இடத்துக்குப் போகிறது. மாணவர் பார்த்தது, சேமிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் ஆனதை மட்டுமே.

இப்படி ஒவ்வொரு வால்யூமாகப் பழைய சர்வர் காலியாகிறது. காலியானதும் அதை அணைக்கலாம்.

சாவிகள்

கோப்புகளைவிடக் கடினமானவை கடவுச்சொற்கள். ஏஎஃப்எஸ் தன்னுடன் ஒரு கடவுச்சொல் சர்வரையும் கொண்டுவந்தது; எம்ஐடியில் பிறந்த கெர்பரோஸ் முறையின் பழைய, நான்காம் பதிப்பின் வழிவந்தது அது. 1990களிலேயே ஐந்தாம் பதிப்பு வந்து, மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதை நோக்கி நகர்ந்துவிட்டன.

ஆயிரக்கணக்கான பயனர்களைப் புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அவர்களுடைய கடவுச்சொற்கள் சர்வரில் இல்லை. கடவுச்சொல்லிலிருந்து ஒரு கணக்கின் மூலம் கிடைக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. சாவியிலிருந்து சொல்லுக்குத் திரும்ப முடியாது. ஏஎஃப்எஸ் அந்தக் கணக்கில் தன் தளத்தின் பெயரையும் 'உப்பு' எனப்படும் கூடுதல் சேர்மானமாகக் கலக்கும். கெர்பரோஸ் வேறு விதமாகக் கலக்கும். ஒரே கடவுச்சொல்லுக்கு இரண்டிலும் வெவ்வேறு சாவி. ஆனாலும் கெர்பரோஸ் ஐந்தாம் பதிப்பின் சர்வரில், ஒரு பயனரின் சாவி ஏஎஃப்எஸ் முறையில் உண்டானது என்று குறித்து வைக்க இடம் உண்டு. பழைய சாவிகளை அந்தக் குறிப்போடு அப்படியே புதிய சர்வருக்கு ஏற்றிவிடலாம். பயனர் வழக்கம்போல நுழைவார். அடுத்த முறை கடவுச்சொல்லை மாற்றும்போது, புதிய முறையில் வலுவான சாவி உண்டாகும். ஒருவரையும் வரிசையில் நிற்கவைக்காமல் வளாகமே இடம் மாறிவிடும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட எல்லோருக்கும் ஆசை வரும்; பழையது ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. தள்ளிப்போட்டவர்களுக்கு 2013-இல் பதில் கிடைத்தது. ஏஎஃப்எஸ்ஸின் பாதுகாப்பு டெஸ் என்ற 56 பிட் மறையாக்கத்தின் மேல் நின்றது. 1998-லேயே எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய இயந்திரம் ஒரு டெஸ் சாவியை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்திருந்தது. 2013 ஜூலையில் ஓப்பன்ஏஎஃப்எஸ் குழு, ஒரு தளத்தின் முதன்மைச் சாவி உடைக்கப்பட்டால் அந்தத் தளமே பறிபோகும் என்று அறிவித்து, வலுவான சாவிகளை ஏற்கும் புதிய பதிப்புகளையும் வெளியிட்டது. ஐந்தாம் பதிப்புக்கு மாறியிருந்தவர்கள் சர்வர்களைப் புதுப்பித்துச் சாவியை மாற்றினால் போதுமாக இருந்தது. பழைய கடவுச்சொல் சர்வருக்கு டெஸ் தவிர வேறொன்றும் தெரியாது. அதையே வைத்திருந்தவர்கள் பல மாத வேலையை அவசர அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும் பாதை

ஒவ்வொரு படிக்கும் எதிரே, தவறினால் எப்படித் திரும்புவது என்று எழுதியிருக்க வேண்டும். வால்யூம் நகர்வு இருவழிப்பாதை. புதிய சர்வரில் சிக்கல் வந்தால் அதே கட்டளையால் பழையதற்கே திருப்பிவிடலாம். காலியான பழைய சர்வரை உடனே விற்றுவிடாமல் சில வாரங்கள் ஓடவிடுவது அதற்காகத்தான்.

ஆனால் இருவழிப்பாதை சத்தமில்லாமல் ஒருவழியாக மாறும் இடங்கள் உண்டு. ஐபிஎம்மின் ஏஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் போக முடியாது. ஓப்பன்ஏஎஃப்எஸ் பின்னாளில் அந்த எல்லையை நீக்கியது. மரபணுத் தரவோ வானியல் படங்களோ வைத்திருக்கும் ஆய்வாளர் புதிய சர்வரில் 3 ஜிகாபைட் கோப்பு ஒன்றைச் சேமித்த நொடியிலிருந்து, அந்த வால்யூமுக்குப் பழைய சர்வரில் இடமில்லை. அவர் செய்தது தவறே இல்லை. அந்த வசதிக்காகத்தான் மாற்றமே. ஆனால் திட்டம் போட்டவர், திரும்பும் பாதை எந்தப் படியில் மூடுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து, அதற்கு முன்பே எல்லாச் சோதனைகளையும் முடித்திருக்க வேண்டும்.

இனி யாரைக் கூப்பிடுவது

திட்டக் கூட்டங்களில் நிதி அலுவலர் கேட்கும் கேள்வி நியாயமானது: "பராமரிப்புக் கட்டணம் மிச்சமாகிறது, நல்லது. நள்ளிரவில் பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" பராமரிப்பு ஒப்பந்தம் என்பது உண்மையில் மற்றவர் மூளையில் இருக்கும் அறிவை வாடகைக்கு எடுப்பது. ஓப்பன் சோர்ஸுக்கு மாறும்போது அந்த அறிவுக்கான தேவை குறைவதில்லை. அது இருக்க வேண்டிய இடம்தான் மாறுகிறது.

ஓர் உதாரணம். ஏஎஃப்எஸ் கிளையன்டின் ஒரு பகுதி கெர்னலுக்குள் மாட்யூலாக ஓடுகிறது. லினக்ஸ் கெர்னல் ஓயாமல் மாறுகிறது. 2.6 வரிசை வந்தபோது, ஏஎஃப்எஸ் நம்பியிருந்த சிஸ்டம் கால் அட்டவணை, அதாவது கெர்னலின் சேவைகளைச் சுட்டும் பட்டியல், மாட்யூல்களின் கைக்கு எட்டாமல் போனது. வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஐபிஎம் பொது உரிமம் கெர்னலின் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தாது. கெர்னலின் சில வசதிகளை ஜிபிஎல் மாட்யூல்கள் மட்டுமே தொடலாம். ஆகவே ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரலைச் சரிசெய்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதைத் திட்டத்தில் எழுதாமல் விட்டால், மிச்சம் பிடித்த பணம் கடனாகத் திரும்பி வரும். ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸை உயிரோடு வைத்தவர்களில் பலர் இதை ஓட்டிய பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் வேலை செய்தவர்கள்தான். அதற்கு வணிக ஆதரவு தரும் சிறு நிறுவனங்களும் தோன்றின. வேண்டியவர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அந்த நிறுவனம் நாளை மூடினால் மூலநிரலோடு இன்னொருவரிடம் போகலாம். பழைய ஒப்பந்தத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை.

அந்தச் சுதந்திரத்தின் மதிப்பு 2021 ஜனவரி 14 அன்று தெரிந்தது. கணினிகள் நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அன்று கிரீன்விச் நேரம் காலை 8 மணி 25 நிமிடம் 36 நொடிக்கு அந்த எண் 1,61,06,12,736-ஐத் தொட்டது. பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 6-க்குப் பின்னால் ஏழு சுழியம். ஓப்பன்ஏஎஃப்எஸ் 1.8 வரிசையில், இணைப்புகளுக்கு எண் இடும் பகுதியில் ஒரு பிழை அதுவரை உறங்கிக் கிடந்தது. அந்த நொடிக்குப் பிறகு தொடங்கிய கிளையன்டும் சர்வரும் ஒன்றோடொன்று பேச முடியாமல் போயின. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவை தொடர்ந்து ஓடின. மறுதொடக்கம் செய்தவை நின்றன. பழுது வந்தால் முதலில் மறுதொடக்கம் செய்து பார்ப்பதுதான் எல்லோரின் பழக்கம் என்பதால் ஆபத்து இரட்டிப்பானது.

உலகின் பல மூலைகளில் நிர்வாகிகள் ஒரே நேரத்தில் மூலநிரலைத் திறந்தார்கள். நேரத்தோடு தொடர்புள்ள பகுதி எது என்று தேடினார்கள்; காரணம் தெரிந்தது; திருத்தத்துடன் 1.8.7 பதிப்பு உடனடியாக வெளிவந்தது. ஐபிஎம் அந்த மென்பொருளை விட்டு விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. மூலநிரல் பூட்டிய பெட்டியிலேயே இருந்திருந்தால், அந்தக் காலையில் கூப்பிட ஒரு தொலைபேசி எண்கூட இருந்திருக்காது.

ஏஎஃப்எஸ் என்றென்றும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. நாளை ஒரு பல்கலைக்கழகம் இதையும் விட்டு வேறொன்றுக்குப் போகலாம். போக வேண்டியும் வரலாம். ஒரு நல்ல திட்டம் அதற்கும் இடம் வைக்கும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்கட்டும்: இதன் நெறிமுறையும் வட்டு அமைப்பும் வெளியே எழுதப்பட்டிருக்கின்றனவா? இதிலிருந்து எங்கள் கோப்புகளையும் அவற்றின் உரிமைகளையும் வெளியே எடுக்க வழி இருக்கிறதா? இதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இருவராவது எங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான இடங்களில் பதில் இல்லை. கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தின் முதல் செலவு அந்த இருவராக இருக்க வேண்டும். நிறுவனங்கள் வாங்கப்படும், விற்கப்படும், திசை மாறும். பல்கலைக்கழகம் நூறாண்டு நிற்க நினைப்பது. தன் நினைவைக் காக்கும் அறிவை அது வெளியே வாடகைக்கு வைத்திருக்கலாகாது.